ரெண்டெழுத்து

உட்காருங்க. அந்தக் கட்டில்லயே உட்காருங்க, கயிறு போன வாரந்தான் மாத்திக் கட்டினது. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. மாடு எங்கீங்க போயிடப் போவுது, கட்டுத்தரையிலதான் நிக்குது. செங்கல்பட்டுல இருந்து இத்தனை தூரம் வந்தவங்களை நின்ன வாக்குல மாட்டைக் காட்டி அனுப்பற பழக்கம் எங்க பக்கம் இல்லீங்க.

ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்க பாருங்க, உங்களுக்கு முன்னால வந்த மூணு பேரும் அதைக் கேக்கலீங்க. பல்லைப் பிடிச்சுப் பார்த்தாங்க, சுழியைப் பார்த்தாங்க, விலையைக் கேட்டாங்க, போயிட்டாங்க. நீங்க கேட்டீங்க. அதனால சொல்றேன்.

எங்கய்யன் காலத்துல இந்தத் தோட்டத்துல இருபது உருப்படி நின்னுச்சுங்க. அத்தனையும் காங்கயம் மாடு. இப்ப நாலு நிக்குது. அந்த நாலையும் வித்துப்போடலாம்னு நான் முடிவு பண்ணினதுக்கு ஒரே ஒருத்தன்தான் காரணமுங்க. எங்க பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டரு.

பாருங்க, டாக்டருன்னு நானே சொல்லிப்போட்டேன். சுப்பான் பையன். அப்படித்தான் சொல்லோணும்.

நீங்க உள்ள வர்றப்ப என்ற சம்சாரம் 'வாங்க வாங்க, வழியில சிரமம் ஒண்ணும் இல்லீங்களே'ன்னு கேட்டாளா, நீங்க சிரிச்சீங்க. உங்க ஊருப் பேச்சு காதுக்கே சொகமா இருக்குதுன்னீங்க. எல்லாரும் சொல்றதுதானுங்க. பொறந்த கொழந்தையைக்கூட நாங்க 'தூங்குங்க சாமி'ன்னு சொல்லித்தான் தொட்டில் ஆட்டுவோம். எனக்கு வாய் திருந்தின நாள்ல இருந்து எங்கய்யன் சொல்லிக் குடுத்தது அதுதான். கடைசியில 'ங்க' இல்லீன்னா அது பேச்சில்லடா, கொரைப்புன்னு சொல்வார். என்ற தங்கச்சி என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. அவளையே 'வாங்க அம்மிணி, சாப்பிடுங்க அம்மிணி'ன்னுதான் கூப்பிடுவேன். ஒருதரம் மெட்ராசுல ஆட்டோக்காரன் ஒருத்தன் என்னைப் பார்த்து 'யோவ் பெருசு, எங்க போற'ன்னான். ஏறின காலை இறக்கிட்டு எழும்பூர்ல இருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போனேனுங்க. மூட்டையோட. அந்த மாதிரிப் பேச்சு என்ற காதுக்குள்ள போவாதுங்க.

ஆனா அந்த 'ங்க' ஆளு பார்த்துத்தானுங்க போடோணும். எல்லாருக்கும் போட்டா அப்பறம் அதுக்கு என்னங்க மதிப்பு?

உங்க பேரு என்னன்னு சொன்னீங்க? அப்பா பேருங்க? சொந்த ஊரே செங்கல்பட்டுதானுங்களா? சரி சரி. சும்மாதான் கேட்டேன். தண்ணி குடிங்க.

சுப்பான் எங்க பண்ணையத்துல இருந்தவன். காலனிக்காரன். அவன் அப்பனும் எங்ககிட்டத்தான் இருந்தான். என்னைச் சின்னதுல தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவனே சுப்பான்தானுங்க. அப்பறம் திருப்பூர்ல பனியன் கம்பெனி பெருத்துப் போச்சு, இங்கிருந்த சனமெல்லாம் அங்க கெளம்புச்சு, அவனும் குடும்பத்தோட போயிட்டான். சொல்லாமக்கூடப் போயிட்டான். போறப்ப அவன் கடைசிப் பையனுக்கு அஞ்சு வயசு இருக்கும். நஞ்சான்னு பேரு. இந்தக் கட்டுத்தரையிலதான் மூக்கு ஒழுகச் சாணி அள்ளிட்டுக் கெடந்தான்.

அவன் ரெண்டு வருசத்துக்கு முன்னால இங்க மாட்டு டாக்டரா வந்து நிக்கறானுங்க. ஆஸ்பத்திரி போர்டுல இளவழகன்னு போட்டிருக்குது. இளவழகனாம்.

மொதல் தடவை வந்தது ஆவணி மாசம். சின்ன மயிலைன்னு ஒரு மாடு, அதுக்கு மடி வீங்கிப் பால் கட்டிக்கிச்சு. என்ற சம்சாரம் போன் பண்ணினா, அவன் மோட்டார் பைக்குல வந்தான். நல்ல சட்டை, கையில பை. 'வணக்கமுங்க'ன்னான். நான் நல்ல மனசோடதானுங்க சொன்னேன். 'அட, நம்ம சுப்பான் பையன் நஞ்சான்தானடா நீ? வா வா, வந்து மாட்டைப் பாரு'ன்னேன். இதுல என்னங்க தப்பு? சொல்லுங்க. பாசமாத்தானுங்க சொன்னேன்.

அவன் நேரா மாட்டுக்கிட்டப் போனான். மாட்டைப் பார்த்தான். கையை விட்டு மடியை அமுக்கிப் பார்த்தான், ஊசி போட்டான், மருந்து எழுதினான். தொட்டியில கை கழுவிட்டு என்ற முன்னால வந்து நின்னான். சத்தமே போடலீங்க. சத்தம் போட்டிருந்தாலாச்சும் நானும் ரெண்டு வார்த்தை விட்டிருப்பேன்.

'ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. நான் உங்களுக்கு ங்க போட்டுப் பேசறனுங்க. நீங்களும் எனக்கு அப்படியே பேசுங்க. முடியலீன்னா பேசவே வேண்டாமுங்க, மாட்டை மட்டும் காட்டுங்க. எப்படி இருந்தாலும் கூப்பிட்டா நான் வருவனுங்க.'

என்ற தோட்டத்துல, என்ற கட்டுத்தரையில, என்ற தொட்டித் தண்ணியில கை கழுவிட்டுச் சொல்றானுங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ங்க. என்னமோ ஊசி குத்தற மாதிரி.

நானும் வீம்புக்காரன். சரீன்னு பேச்சையே விட்டுட்டேன். அதுக்கப்பறம் அவன் வந்தா கையைக் காட்டுவேன். மாடு அங்க நிக்குதுன்னு தலையை அசைப்பேன். பேச்செல்லாம் என்ற சம்சாரந்தான். பாவாத்தாள்னு பேரு அவளுக்கு. அவ என்னடான்னா 'வாங்க தம்பி, மோர் குடிக்கறீங்களா தம்பி, அப்பா சொகமா இருக்காருங்களா'ன்னு கதை பேசறா. ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டேன். 'அவனுக்கு எதுக்குடி ங்க?'

'வீட்டுக்கு வர்றவங்களை வாங்கன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதுங்க மாமா?'ங்கறா. 'கட்டிக்கிட்டு வந்த புதுசுல நீங்கதானுங்களே எனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க.'

அவங்க குடும்பம் எங்க பக்கத்துதான், ஆனா அவ பொறந்து வளர்ந்தது மதுரைக்குத் தெக்க, அக்கட்டால. நீ, வா, போன்னு பேசிட்டு வந்தவ. நாந்தானுங்க ஆறு மாசம் உட்கார வெச்சு நாக்கைத் திருத்தினேன். 'நீ'ன்னு சொன்னா அன்னைக்கு அவகூடப் பேச மாட்டேன், அவ வெச்ச சோத்தைத் தொட மாட்டேன். அழுவா. அழுதாலும் விட மாட்டேன். அப்பறம் படிஞ்சுது. நாப்பது வருசத்துல ஒருநாள் ஒருபொழுது அவ என்னை ங்க இல்லாமப் பேசினதில்லைங்க. காய்ச்சல்ல பொலம்பறப்பக்கூட 'தண்ணி குடுங்க மாமா'ன்னுதான் பொலம்புவா. அப்படித் திருத்தினேன்.

அவ இல்லாத நேரத்துல அவன் வந்துட்டான்னா எனக்குத்தான் சங்கடம். வாயைத் தொறக்காமலும் இருக்க முடியாது, தொறந்தா நீ வரும் இல்லீன்னா நீங்க வரும். ரெண்டும் வராமப் பேசறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேனுங்க. 'ஊசி போட்டாச்சா?' 'தண்ணி வேணுமா?' 'மறுபடி எப்ப வர வேண்டியிருக்கும்?' பார்த்தீங்களா? யாரைக் கேக்கறேன், ஒண்ணுமே தெரியாது. மாட்டைக் கேக்கறேனா, செவுத்தைக் கேக்கறேனா. நீங்க வேணா ஒரு நாள் இப்படிப் பேசிப் பாருங்க, லேசில்லீங்க. மூளை நோவும். அவன் எல்லாத்துக்கும் 'போட்டாச்சுங்க', 'வேணுமுங்க', 'வியாழக்கிழமை வர்றனுங்க'. சிரிக்கக்கூட மாட்டான். ஒரு வருசத்துக்கு மேல இப்படியே ஓட்டினேன்.

பெரிய மயிலையைப் பத்திச் சொல்லோணும். அதோட தாய் என்ற சம்சாரத்துக்குப் பொறந்த வீட்டுல பதினஞ்சு வருசத்துக்கு முன்னால பொங்கச் சீராக் குடுத்தது. அண்ணன்காரன் காங்கயம் சந்தைக்கு வந்து பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்தான். அது போட்ட கடைசிக் கன்னுதான் பெரிய மயிலை. அதைப் பாவாத்தாள்தான் புட்டியில பால் ஊத்தி வளர்த்தா. அவ நடந்தா அதுவும் நடக்கும், அவ கொல்லைக்குப் போனா அது கத்தும். எனக்கு அடங்காதுங்க. என்னைக் கண்டா கொம்பை ஆட்டும். அவகிட்ட நாய்க்குட்டி.

இந்தத் தையில அது நெறை செனை. நாள் நெருங்குது, ஆனா இன்னும் ஒரு வாரம் இருக்கும்னு கணக்கு. அவ அண்ணன் இப்பத் தாராபுரத்துல இருக்கறான், அவன் பேத்திக்கு அங்க கல்யாணம். போவமாட்டேன்னா. நாந்தான் 'நான் பார்த்துக்கறேன், போயிட்டு வா'ன்னு காலையில மொதல் பஸ்ஸுக்கு அனுப்பி வெச்சேன். போறப்ப மாட்டுக் கழுத்தைத் தடவிட்டு, 'ஏதாச்சும்னா உடனே தம்பிக்குப் போன் பண்ணிடுங்க மாமா, நம்பர் உங்க போன்லயே போட்டு வெச்சிருக்கறனுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனா.

பத்து மணிக்கு மாடு படுத்துச்சு. பத்தரைக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சுது. நான் பாக்காத ஈத்தாங்க? எத்தனையோ கன்னை இந்தக் கையால இழுத்திருக்கேன். கையை விட்டுப் பார்த்தா ஒரு கால்தான் தட்டுப்படுது. இன்னொண்ணு உள்ள மடங்கிக் கெடக்குது, தலை வேற திரும்பியிருக்குது. மாடு முக்குது, வரமாட்டேங்குது. கத்துது. அது கத்தினா பாவாத்தாளைத் தேடிக் கத்தற மாதிரியே இருக்குது.

பதினொண்ணுக்குப் போனை எடுத்தேன். அடிச்சேன். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டான். 'வணக்கமுங்க, இளவழகன் பேசறனுங்க, சொல்லுங்க'ன்னான்.

நேர்ல நின்னா மாட்டைப் பார்த்துப் பேசலாம், கையைக் காட்டி ஒப்பேத்தலாம். போன்ல எதைங்க காட்டறது? நான் 'மாடு'ன்னேன். 'செனை மாடு'ன்னேன். 'யாருங்க பேசறது, எந்தத் தோட்டமுங்க'ன்னு கேக்கறான். வாங்கன்னு சொல்லோணும். அவ்வளவுதான். சொல்லிப்போடலாம்னுதானுங்க எடுத்தேன், பொய் சொல்லலை. 'வா'ன்னு வந்துச்சு. அதுக்கு மேல வரலை. வெச்சுட்டேன். மறுபடி அடிச்சேன், அவன் எடுத்தான், மறுபடி வெச்சுட்டேன்.

நீங்க சிரிக்கக் கூடாது. நான் வளர்ந்த வளர்ப்பு அப்படிங்க. எங்கய்யன் எவ்வளவு கண்டிப்பானவர்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு அஞ்சு வயசு. ங்க போட்டுப் பேசக் கத்துக்கிட்ட புதுசு. பார்க்கறவங்களுக்கெல்லாம் போடுவேன், பாராட்டுவாங்க. ஒருநாள் காலையில சுப்பான் மாட்டுக்குச் சோளத்தட்டுக்கட்டைத் தூக்கிட்டு வர்றான். நான் ஓடிப் போயி 'வாங்க சுப்பண்ணா'ன்னேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சுங்க. திரும்பிப் பார்த்தா பொறகால எங்கய்யன் நிக்கறாரு.

என்னைத் தொடலீங்க. எங்கய்யன் ஒருநாளும் என்மேல கை வெச்சவரில்லை. செவுத்துல தொங்கின மாட்டுச் சாட்டையை எடுத்துச் சுப்பானைத்தான் அடிச்சார். 'கொழந்தைக்கு என்னடா சொல்லிக் குடுத்தே'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சார். சுப்பான் தட்டுக்கட்டைக் கீழ போட்டுட்டு என்ற காலுக்கிட்ட வந்து விழுந்தான். 'வாடான்னு சொல்லுங்க சாமி. சாமி, வாடா சுப்பான்னு சொல்லிடுங்க சாமி'ன்னான். நான் சொன்னேன். சத்தமாச் சொல்லுன்னார் எங்கய்யன். எனக்கு அழுகையில சத்தம் வரலை. வர்ற வரைக்கும் சாட்டை நிக்கலீங்க. அப்பறம் வந்துச்சு. நல்லாச் சத்தமா வந்துச்சு. சாட்டையைப் போட்டுட்டு என்னைத் தூக்கி முத்தம் குடுத்தார்.

அன்னைக்கு மத்தியானமே சுப்பான் என்னைத் தோள்ல தூக்கிட்டு வாய்க்காலுக்குப் போனான். முதுகெல்லாம் ஈரமா இருந்துச்சு. வேர்வைன்னு நெனைச்சு என்ற சட்டையால தொடைச்சு விட்டேன்.

அப்படி ஒரு வளர்ப்புங்க. அதுக்கப்பறம் நான் தப்பே பண்ணினதில்லை. இப்ப அந்த வாயைத் தொறந்து சுப்பான் பையனை வாங்கன்னு சொல்லுன்னா எப்படிங்க வரும்?

சரி, மாட்டுக்கு வர்றேன். நான் பாவாத்தாளுக்கு அடிச்சேன், அவ அவனுக்குச் சொல்லட்டும்னு. கல்யாண மண்டபத்துல கொட்டுமேளம், அவளுக்குக் கேக்கலை. அடிச்சுட்டே இருந்தேன். பன்னெண்டரைக்குத்தான் எடுத்தா. விசயத்தைச் சொன்னேன். 'தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?'ன்னா. 'நீ சொல்லு'ன்னேன். என்ற போனை வெச்சுட்டு அவனுக்கு அடிச்சிருக்கா.

கால் மணி நேரத்துல வந்துட்டானுங்க. வண்டியை வாசல் கேட்டுக்கிட்டயே சாய்ச்சுப்போட்டுட்டு ஓடி வந்தான். வணக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. சட்டையைக் கழட்டிட்டு அந்தச் சாணியிலயே படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். கன்னு வந்துச்சு. கெடேரிக் கன்னு, உசுரோட. ஆனா தாய்க்கு உள்ள கிழிஞ்சுபோயி ரத்தம் நிக்கலை. பாட்டில் மாட்டினான், ஊசி மேல ஊசி போட்டான். நான் பக்கத்துல பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னேன். மூணு மணி இருக்கும், பாவாத்தாள் பட்டுச்சீலையோட கேட்டுல இருந்து ஓடி வர்றா. அவ வந்து தலையை மடியில எடுத்து வெச்சா. அவ மடியிலயே போயிடுச்சுங்க.

அப்ப வாயை மூடிட்டு அவன் போயிருக்கலாமில்லீங்க? போவலை. கையெல்லாம் ரத்தம், ஒடம்பெல்லாம் சாணி, என்னைப் பார்த்துக் கேக்கறான். 'பதினோரு மணிக்கு ரெண்டு தடவை கூப்பிட்டு வெச்சது நீங்கதானுங்களே? அந்த நம்பர் யாருன்னு எனக்குத் தெரியலீங்க. திருப்பி மூணு தடவை கூப்பிட்டனுங்க. ஒருதடவை எடுத்திருந்தா ரெண்டு உசுரும் பொழைச்சிருக்குமுங்க.'

என்ற சம்சாரத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறானுங்க! எங்களுக்குள்ள சண்டை மூட்டோணும்னுதான் அவன் நோக்கம். நான் 'போன் அடிச்சதே கேக்கலை'ன்னேன். கேட்டுச்சுங்க, உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கறது. கையிலதான் வெச்சிருந்தேன். மூணு தடவையும் கையில வெச்சுப் பார்த்துட்டுத்தான் நின்னேன். எடுத்தா மறுபடி அந்த வார்த்தைக்குத்தானுங்க வந்து நிக்கோணும்.

பாவாத்தாள் எந்திரிச்சு வந்து என்ற வேட்டி மடிப்புல இருந்த போனை எடுத்துப் பார்த்தா. அவன் கூப்பிட்டு நான் எடுக்காததுக்குச் செகப்பா மூணு கோடு இருந்துச்சு. நேரமும் போட்டிருந்துச்சு. பார்த்தா, திருப்பி என்ற கையிலயே குடுத்தா. அதுக்குள்ள கன்னு எந்திரிக்கப் பார்த்துத் தடுமாறுச்சு. நான் பிடிக்கலாம்னு குனிஞ்சேன்.

'நீ தள்ளு'ன்னா.

பொறகால திரும்பிப் பார்த்தேனுங்க, வேற யாரையோ சொல்றான்னு. யாரும் இல்லை.

'நீ தள்ளு. கன்னைத் தொடாதே.'

சத்தமே இல்லாமச் சொன்னா. அவன் தலையைக் குனிஞ்சுட்டுப் பையை எடுத்து வெச்சான். போறப்ப 'நாளைக்கு வந்து கன்னைப் பார்க்கறனுங்க'ன்னு ரெண்டு பேருக்கும் பொதுவாச் சொல்லிட்டுப் போனான்.

அன்னையில இருந்து நாலு மாசம் ஆச்சு. ஒரு ங்க இல்லீங்க. மாமாவும் இல்லை. 'சோறு இருக்குது, தின்னு.' 'வேட்டி காயுது, எடு.' கோவமாச் சொன்னாலும் பரவாயில்லீங்க, கோவமே கிடையாது. கல்யாணம் கட்டி வந்த புதுசுல எப்படிப் பேசினாளோ அதே மதுரைப் பேச்சு. நாப்பது வருசம் எங்கிருந்துச்சுன்னே தெரியலை. நானும் பழைய மாதிரி சோத்தைத் தொடாமப் பார்த்தேன். தட்டை எடுத்துட்டுப் போயி நாய்க்குப் போட்டுட்டா. அவ அண்ணனைத் தாராபுரத்துல இருந்து வரச் சொன்னேன், நாலு வார்த்தை புத்தி சொல்லட்டும்னு. அவனுக்கு 'வாங்கண்ணா, உட்காருங்கண்ணா'ன்னு எல்லாம் ஒழுங்காத்தான் வருது. என்னம்மா இப்படிப் பண்றீன்னு கேட்டான். 'நானும் சொல்லித்தானுங்கண்ணா பார்க்கறேன், வாய்க்கு வரமாட்டேங்குது'ன்னுட்டு உள்ள போயிட்டா.

எல்லாம் அவன் வந்ததுக்கு அப்பறந்தானுங்க. அவன் இந்த ஊருக்கு வரலீன்னா மாடு இருந்திருக்கும், வீட்டுல மரியாதை இருந்திருக்கும். இன்னும் வாரம் ஒருக்கா கன்னைப் பார்க்க வர்றான். அவகூட மணிக்கணக்காப் பேசறான். என்னைப் பார்த்தா எந்திரிச்சு நின்னு 'வணக்கமுங்க, சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறான். இந்த வாசல்ல எனக்கு ங்க போடறவன் இப்ப அவன் ஒருத்தன்தானுங்க. அதுதான் எனக்குத் தாங்கமாட்டேங்குது. மாடே இல்லீன்னா அவனுக்கு இங்க என்ன வேலை? அதான் விக்கறேன்.

இருங்க, அவ கூப்பிடறா.

கேட்டீங்களா? 'அவங்களுக்கு டீ வெச்சிருக்கேன், வந்து எடுத்துட்டுப் போயிக் குடு. அந்தக் கன்னை விக்கறதில்லைன்னு அவங்ககிட்ட இப்பவே சொல்லிப்போடு.' உங்களுக்கு அவங்க. எனக்குக் 'குடு', 'போடு'. வெளியூர்க்காரரு உட்கார்ந்திருக்கீங்கன்னுகூடப் பார்க்கலை.

நான் பதில் சொன்னா அதுக்கும் ஒண்ணு சொல்வா. கன்னு அவளோடது, தாய்வழிச் சீரு, நான் என்ன பண்ண முடியும். மத்த மூணையும் பாருங்க, சின்ன மயிலை நல்ல மாடு. கன்னுதான் வேணும்னா நீங்களே போயி அவகிட்டக் கேட்டுப் பாருங்க. பயப்படாமப் போங்க. உங்களுக்கு நல்லபடியாத்தான் பதில் சொல்லுவா. யாரையும் மரியாதைக் குறைவாப் பேசமாட்டாளுங்க அவ.